ஜெர்மனுக்குத் தலையாட்டிய கதை

எனக்கு ஜெர்மன் மொழி தெரியாது. இந்தச் சின்ன உண்மையை ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாயைத் திறந்து சொல்லியிருந்தால், எங்கள் குடும்பத்துக்கு இத்தனை நாள் சிரிப்பதற்கு வேறு விஷயம் தேட வேண்டி வந்திருக்கும்.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், ஹில்ஸ்பரோ என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் தபால் பெட்டியில் எது விழுந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். வாடகை ஒப்பந்தம், விசாப் படிவம், மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் சீட்டு என்று எல்லாவற்றையும் "பிள்ளை, இது என்னெண்டு பார்" என்று நீட்டுவார்கள். ஒருமுறை அம்மா யாரோ விற்ற பழைய தையல் மெஷினை வாங்கி வந்து, அதன் கையேட்டை நீட்டினார். வாசித்து விளக்கினேன். (அது ஜப்பான் மொழியில் இருந்தது. நல்லவேளை, படங்கள் இருந்தன. மெஷின் இன்றுவரை பின்பக்கமாகத்தான் தைக்கிறது.)

படித்த பிள்ளை "தெரியாது" என்று சொன்னால் பிறகு என்ன படிப்பு என்பது வீட்டாரின் எண்ணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. நானாக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்ட கிரீடம் அது.

தொண்ணூறுகளின் நடுவில், பட்டம் வாங்கிய கையோடு எனக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பழப் பெட்டிகளுக்குள் வைத்து அனுப்புகிற வெப்பப் பதிவுக் கருவிகளை அங்கே செய்தார்கள். கப்பலேறிய கிவிப் பழம் கடல் முழுக்க எவ்வளவு குளிரில் கிடந்தது என்பதைக் குறித்து வைக்கும் கருவி. சவர்க்காரக் கட்டி அளவில், ஒரு வயர் வாலோடு இருக்கும். அம்மா அதே தொழிற்சாலையில், கீழ்த் தளத்தில் பொதி கட்டும் வரிசையில் வேலை செய்தார். பல்கலைக்கழக விடுமுறைகளில் நானும் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்று பொதி கட்டியிருக்கிறேன்.

முதலாளி கிரேம் நல்ல மனிதர். குளிர்காலத்திலும் அரைக் காற்சட்டை போடுவார். எதைச் சொன்னாலும் கடைசியில் "எல்லாம் சரிவரும்" என்று முடிப்பார். அவர் என்னை மேல் தளத்துக்கு ஏற்றி, 'சர்வதேச ஆராய்ச்சித் திட்ட இணைப்பாளர்' என்று கார்டும் அடித்துக் கொடுத்தார். அம்மா அதில் ஒன்றைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு தூவினார். இன்னொன்றைத் தன் வேலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற சமோவாப் பெண்கள் எல்லோருக்கும் மகளின் கார்டு என்று தேநீர் நேரம் தவறாமல் காட்டினார்.

ஆனால் அது ஆறு மாதப் பரீட்சை வேலை. அந்த ஆறு மாதத்துக்குள் நான் ஒரு காரியம் முடிக்க வேண்டும். முடித்தால் நிரந்தரம். முடிக்காவிட்டால் மீண்டும் கீழ்த் தளம், வலைத்தொப்பி, அம்மாவுக்குப் பக்கத்து இடம்.

காரியம் இதுதான். ஐரோப்பாவில், நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிகளுக்கு நிதி கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. குறைந்தது இரண்டு ஐரோப்பிய நாடுகளிலிருந்து, ஒன்றையொன்று சாராத இரண்டு நிறுவனங்கள் சேர வேண்டும். சேர்ந்தால், எங்களைப் போன்ற வெளியாட்களும் மூன்றாவதாக ஒட்டிக்கொள்ளலாம். பணம் அவர்களுக்கு, அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் எங்கள் கருவியைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு. நான் ஐரோப்பியக் கூட்டாளிகள் இருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தேடினேன். வர்த்தகக் கையேட்டைப் பார்த்து நாற்பது நிறுவனங்களுக்கு ஃபாக்ஸ் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் "உலகிலேயே உங்களைத்தான் நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்தோம்" என்று எழுதியிருந்தேன். ஒரே ஒரு பதில் வந்தது. இனிமேல் ஃபாக்ஸ் அனுப்ப வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

ஐந்தாவது மாத முடிவில் கிரேம் என் மேசைக்கு வந்தார். "அந்த நிதித் திட்டத்தை விளக்குவதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு அம்மையார் ஆக்லாந்து வருகிறார். இரண்டு வாரத்தில் நம்மிடத்துக்கும் வருவார். கூட்டாளிகள் தயார்தானே?"

"தயார்," என்றேன்.

அன்று மாலை காரில் வீட்டுக்குத் திரும்பும்போது அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஐரோப்பாவில் எனக்கு உதவ ஒருவருமில்லை என்று புலம்பினேன். அம்மா மடியில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஒருத்தரும் இல்லையோ? எங்கட சனம் முழுக்க அங்கதானே கிடக்குது. ஜெர்மனியில உன்ர மாமா பழக் கொம்பனியில பெரிய பொறுப்பில இருக்கிறார். பிரான்ஸில சித்தப்பா ஆராய்ச்சிக் கூடத்தில வேலை. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

அந்த வாதத்தில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை. மாமா, அம்மாவின் மூத்த அண்ணன். சித்தப்பா, அப்பாவின் தம்பி. ஒருவர் பழம், ஒருவர் ஆராய்ச்சி. இரண்டு நாடு. ஆண்டவன் படிவத்தை வாசித்துவிட்டுத்தான் எங்கள் சனத்தைச் சிதற விட்டிருக்கிறான் என்று தோன்றியது.

இங்கே எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் "அங்கே சரியாக என்ன வேலை?" என்று கேட்பது மரியாதையில்லை. "கொம்பனியில வேலை" என்றால் கேள்வி முடிந்தது. "நல்ல வேலையோ?" "ஓம், நல்ல வேலை." அவ்வளவுதான். பிறகு அந்தச் செய்தி கடிதம் கடிதமாக, நாடு நாடாகப் பயணம் போகும். போகிற வழியில் பதவி உயர்வும் பெறும். நாற்பது முன்பின் தெரியாத நிறுவனங்களிடம் அவர்களின் ஆண்டு வருமானத்தைக் கூசாமல் கேட்ட நான், சொந்த மாமாவிடம் அவருடைய வேலை என்ன என்று கேட்கக் கூசினேன்.

மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"மாமா, உங்கட கொம்பனி எங்களோட சேர்ந்து ஒரு ஆராய்ச்சி செய்ய விருப்பம் எண்டு ஒரு கடிதம் வேணும்."

"நீ கேட்டா இல்லையெண்டு சொல்லுவனே, பிள்ளை. கொம்பனியின்ர பேர் போட்ட தாளில அனுப்பிவிடுறன்."

"அந்த அம்மா போனில ஏதும் கேட்டா, எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்," என்றார் மாமா, பழகிப் பார்ப்பது போல.

சித்தப்பாவும் இப்படியே சம்மதித்தார். ஒரு வாரத்தில் இரண்டு கடிதங்களும் ஃபாக்ஸில் வந்து சேர்ந்தன. மாமாவின் கடிதத்தில் மேலே நிறுவனத்தின் பெயர் பெரிதாக அச்சாகியிருந்தது. கீழே கோடு போட்ட கட்டங்கள், எண்கள், மாமாவின் கையொப்பம். ஜெர்மன்காரர்கள் எவ்வளவு ஒழுங்காகக் கடிதம் எழுதுகிறார்கள் என்று வியந்தேன். சித்தப்பாவின் கடிதம் பிரெஞ்சில், சுத்தமாகத் தட்டெழுதப்பட்டிருந்தது. இரண்டையும் கண்ணாடித்தாள் உறையில் போட்டுக் கோப்பில் வைத்தேன். படிவத்தில் "கூட்டாளிகள் இருவரும் ஒருவரையொருவர் சாராதவர்களா?" என்று ஒரு கேள்வி இருந்தது. பேனாவை அழுத்தி 'ஆம்' என்று குறியிட்டேன்.

அதில் பொய் இல்லை. மாமா தன் மகளின் கலியாண அழைப்பிதழில் சித்தப்பாவின் பெயரைப் போடாமல் விட்டு நான்கு வருடமாகியிருந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர்களைவிட ஒருவரையொருவர் சாராத இருவரை ஐரோப்பாக் கண்டம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. (இந்தத் திட்டத்தில் மற்றவரும் இருக்கிறார் என்று இருவரிடமும் நான் சொல்லவில்லை. அதை நிர்வாகத் திறமை என்று அப்போது நினைத்தேன்.)

வியாழக்கிழமை வந்தது. ஐரோப்பிய அம்மையாரின் பெயர் லூசி. நரைத்த கட்டைமுடி, சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, பூட்ஸ் நிறையச் சேறு. ஏதோ கிவித் தோட்டத்தைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். எங்கள் கூட்ட அறை, கீழ்த் தளத்துக்கு மேலே மரப் பலகையால் அடைத்த ஒரு கூடு. சுவருக்கு மேல்பக்கம் திறந்தபடி இருக்கும். கிரேம் ஒரு தட்டில் பிஸ்கட்டும், கேட்காமலே, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுடும் 'பை' ஒன்றும் வைத்திருந்தார்.

நான் கோப்பைத் திறந்து கடிதங்களை முன்னே நகர்த்தினேன். லூசி மாமாவின் கடிதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சித்தப்பாவின் கடிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அசந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

"இவர்களோடு பேசலாமா?" என்றார்.

அதற்கும் ஏற்பாடு செய்திருந்தேன். எங்களுக்கு மாலை ஐந்து என்றால் அவர்களுக்குக் காலை ஏழு. மேசை நடுவே ஒலிபெருக்கி வைத்த தொலைபேசி. மூன்று நாடுகளுக்கும் ஒரே நேரத்தில் இணைப்பு. முதலில் வந்தது மாமாவின் குரல். வெளிநாட்டு அழைப்பென்றால் தூரத்துக்கேற்பச் சத்தம் போட வேண்டும் என்பது எங்கள் பரம்பரை நம்பிக்கை. நியூசிலாந்துக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமென்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிஸ்கட் தட்டு அதிர்ந்தது.

"பிள்ளை, கேக்குதோ? எனக்கு இங்கிலீசு ஓடாது. நான் டொச்சில சொல்லட்டே?"

"இவருக்குத் தொழில்நுட்ப விஷயங்களை ஜெர்மனில் பேசுவதுதான் வசதி," என்று மற்றவர்களுக்கு விளக்கினேன்.

"எனக்கும் வசதிதான்," என்றார் லூசி. "உங்களுக்கு ஜெர்மன் தெரியும்தானே?"

கிரேம் என்னைப் பெருமையோடு பார்த்தார். கதவு இடுக்கு வழியாகக் கீழே அம்மாவின் வலைத்தொப்பி தெரிந்தது.

"கொஞ்சம்," என்றேன்.

லூசி ஏதோ கேட்டார். மாமா பேசத் தொடங்கினார். நான் தலையாட்டத் தொடங்கினேன்.

தலையாட்டுவதில் எத்தனை வகை உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். முதலில் மெதுவான ஆட்டம், விஷயத்தைக் கிரகிப்பது போல. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆழமான ஆட்டம். மாமா குரலை உயர்த்திய இடங்களில் உறுதியான ஆட்டம். நடுவில் ஒரு தடவை விரலை உயர்த்தி "மிகச் சரி" என்றும் சொன்னேன். லூசி ஒரு கட்டத்தில் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு பெருமூச்சு விட்டார், நானும் விட்டேன். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். வெப்பநிலை ஆராய்ச்சி ஒரு மனிதரை இவ்வளவு உருக்குமா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று கிரேம் காதோடு கேட்டார்.

"வெப்பநிலை," என்றேன்.

இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேட்டார்.

"ஈரப்பதம்."

மாமா ஒருவழியாக முடித்தார். லூசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் முதலாளிக்காக மொழிபெயர்க்கட்டுமா?"

அதற்கும் தலையாட்டிவிட்டேன். கழுத்து பழகிவிட்டது.

"இவர் உங்கள் மாமா. அந்த நிறுவனத்தில் அதிகாரி இல்லை. வாழைப்பழம் பழுக்க வைக்கும் அறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எதைக் கேட்டாலும் ஆம் என்று சொல்லும்படி நீங்கள் சொன்னீர்களாம். ஆனால் காலை ஏழு மணிக்கு ஒரு பெண்ணிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை என்கிறார். இந்தக் கடிதம், பன்னிரண்டு பெட்டி வாழைப்பழம் சேர்ந்ததற்கான ஒப்படைப்புச் சீட்டு. நிறுவனத்தின் பெயர் போட்ட தாள் அவருக்கு அதுதான் கிடைத்ததாம்." பக்கத்தைப் புரட்டினார். "பிரான்ஸ் கடிதத்தை நானே வாசித்தேன். 'என் அப்பா இரவில் ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்கிறார், அவர் சம்மதிக்கிறார், எனக்குக் கணக்குப் பாடம் பிடிக்கும்' என்று இருக்கிறது. உங்கள் சித்தப்பாவின் மகள் நன்றாக எழுதுகிறாள்."

நான் மேசையைப் பார்த்தேன். மேசையில் இறைச்சிப் பை இருந்தது. அதற்குள் புகுந்துகொள்ள முடியுமா என்று அளவு பார்த்தேன்.

"இன்னும் இருக்கிறது," என்றார் லூசி. "குடும்பத்தில் முதலில் படித்தவர் நீங்கள்தானாம். நீங்கள் பிழை விட்டிருந்தால் தன்னைத் திட்டச் சொல்கிறார். உங்களை வேலையிலிருந்து எடுக்க வேண்டாமாம். நடுவில், நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அதற்குத்தான் நீங்கள் 'மிகச் சரி' என்றீர்கள். நானும் ஆம் என்று சொல்லிவிட்டேன்."

அந்த நேரம் பார்த்து, அதுவரை எங்களில் ஒருவரும் கவனிக்காத சித்தப்பாவின் குரல் ஒலிபெருக்கியில் வெடித்தது. அவர் இத்தனை நேரமும் இணைப்பில்தான் இருந்திருக்கிறார்.

"பிள்ளை, உது ஆர் இவ்வளவு நேரமும் கதைச்சது? உவரோ? உவர் இருக்கிற திட்டத்தில எனக்கு என்ன வேலை?"

"ஆரது?" என்றார் மாமா. "ஓ. பிரான்ஸ்காரரோ."

"என்ர பேர் மறந்துபோச்சோ? மறக்கும்தானே. கார்டில போடவே மறந்த ஆள்தானே."

"நாலு வரியமா ஒரு கார்டைக் காவிக்கொண்டு திரியிறீர். உமக்கு வேற வேலை இல்லையே?"

"எனக்கு வேலை இருக்கு. நான் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில நிண்டு பழுக்கேல்லை."

கீழ்த் தளத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்பது கேட்டது. சுவருக்கு மேல்பக்கம் திறந்திருக்கிறது என்று முன்பே சொன்னேன். மரப் படியில் தடதடவென்று சத்தம். கதவு திறந்தது. வலைத்தொப்பி, நீலச் சட்டை, கையில் ஒட்டுநாடாச் சுருளோடு அம்மா. கிரேமுக்கு "எக்ஸ்கியூஸ் மீ" என்றார், லூசிக்குக் கும்பிட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொலைபேசியின் முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணை, வாயை மூடுங்கோ. தம்பி, நீரும்தான். இஞ்ச பிள்ளையின்ர வேலை போற நேரம், ரெண்டு பேரும் கலியாணக் கார்டுக்கு நிண்டு சண்டை பிடிக்கிறியள். வெள்ளைக்காரர் முன்னால குந்தியிருந்து பாத்துக்கொண்டிருக்கினம்."

இரண்டு நாடுகளும் அமைதியாயின.

மாமா சொன்னார். "பேர் விட்டது அச்சகத்தான்ர பிழை, தம்பி."

"அதை நாலு வரியத்துக்கு முதலே சொல்லியிருக்கலாமே."

"நீர் போன் எடுக்கேல்லையே."

"நீங்களும் எடுக்கேல்லையே."

"இப்ப ரெண்டு பேரும் வையுங்கோ," என்றார் அம்மா. "பிறகு உங்கட காசில கதையுங்கோ." வைத்தார்கள். (அரை மணி நேரத்தில் அவர்களே மீண்டும் பேசிக்கொண்டார்கள் என்றும், இரண்டு மணி நேரம் பேசினார்கள் என்றும் பிறகு அறிந்தோம்.)

கிரேமின் முகத்தில் 'எல்லாம் சரிவரும்' என்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை. நான் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். அம்மா அதை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அந்த ஈரப்பதம்," என்றார் கிரேம் கடைசியாக, லூசியைப் பார்த்து. "உண்மையில் அவர் என்ன சொன்னார்?"

"அதுவா? அது ஒரு முறைப்பாடு. மூன்று நிமிடம் சொன்னார். எல்லோரும் வெப்பக் கருவியைக் கப்பலில் வரும் பெட்டகத்தின் கதவுப் பக்கம், எடுக்கச் சுலபமான இடத்தில் வைத்துவிடுகிறார்களாம். பழம் பழுதாவது நடுவில், பின்பக்கத்தில். கருவி 'எல்லாம் நலம்' என்று காட்டும், பெட்டியைத் திறந்தால் நாறும். பதினொரு வருடமாக எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாராம், ஒருவரும் கேட்கவில்லையாம்."

கிரேம் எழுந்து நின்றார். அரைக் காற்சட்டையின் பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் அருமையான படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு பெட்டகத்தை வரையத் தொடங்கினார். லூசி எட்டிப் பார்த்து, பின்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். அம்மாவும் எட்டிப் பார்த்து, "நடுவில வைச்சா வயர் எப்பிடி வெளியில வரும்?" என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அன்று நான் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு அது.

போகும்போது லூசி என்னிடம் சொன்னார். "அவருடைய முதலாளி எழுதட்டும். உண்மையான தாளில். பெரிய நிறுவனங்கள் அனுப்பும் ஆட்கள் எனக்கு இவ்வளவு விஷயம் சொல்வதில்லை."

கிரேம் என்னைக் கீழே அனுப்பவில்லை. பரீட்சையை இன்னும் ஆறு மாதம் நீட்டினார். ஒரு நிபந்தனை: யாரைக் கூட்டாளியாகக் கொண்டு வந்தாலும், "நீங்கள் சரியாக என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று முதலில் கேட்டாக வேண்டும். மாமா எங்கள் விளக்கத் தாளைத் தன் முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். அந்த முதலாளி எழுதினார், இந்த முறை ஒப்படைப்புச் சீட்டில் அல்ல. ஹொலண்டில் ஒரு ஆய்வுக்கூடம் சேர்ந்தது. அடுத்த சுற்றில் விண்ணப்பம் தேறியது. என் வேலையும் நிரந்தரமானது. விண்ணப்பத்தில் பணியாளர் பட்டியல் என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே மாமாவின் பெயர், அதற்கு நேரே 'பழுக்க வைக்கும் அறைச் சோதனைகள், பொறுப்பாளர்'. சனம் இத்தனை வருடமாகச் சொல்லிவந்த 'பெரிய பொறுப்பு' இப்படியாக உண்மையாகிவிட்டது. சித்தப்பாவுக்கு மட்டும் இன்னும் மனத்தாங்கல். "என்னை விட்டிட்டு ஹொலண்ட்காரனைச் சேர்த்திட்டாள்" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விளங்காமல் தலையாட்டுவதற்குப் பெயர் 'டொச்'. மருத்துவர் சொல்வதற்கு அம்மா தலையாட்டிவிட்டு வந்தால், "விளங்கினதோ, டொச்சோ?" என்று நான் கேட்பேன். என்னை மற்றவர்கள் கேட்பது அதைவிட அதிகம்.

சில வருடம் கழித்து என் கலியாணம், கிளென்ஃபீல்டில் ஒரு மண்டபத்தில். அழைப்பிதழில் சித்தப்பாவின் பெயரைப் பாதுகாப்புக்காக இரண்டு இடத்தில் போட்டிருந்தோம். அவரும் மாமாவும் விமானமேறி வந்து முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். ஐயர் சமஸ்கிருதத்தில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு, "அர்த்தம் புரியுதாம்மா?" என்று கேட்டார். நான் கண்ணை மூடி, பக்தியாக, ஆழமாகத் தலையாட்டினேன்.

முன்வரிசையிலிருந்து, நியூசிலாந்துக்குக் கேட்கிற அதே சத்தத்தில், மாமாவின் குரல் வந்தது.

"பிள்ளை, விளங்கித்தான் ஆட்டுறியோ, இல்லாட்டி டொச்சோ?"

மண்டபம் அடங்க வெகுநேரமாயிற்று. மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியாமல் அவரும் தலையாட்டினார். சிரித்து முடித்ததும், வீடியோக்காரர் விளக்கை என் முகத்தில் பிடித்துக்கொண்டிருக்க, என் வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"தெரியாது, மாமா."

ஐயர் பாவம், முதலிலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கினார்.